வயிற்று ஆபரேஷன் தழும்பில் ஹெர்னியா வராமல் தடுக்க: வார்டில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

அறுவை சிகிச்சை வார்டில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போனதும், "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று கையைப் பிடித்து நிறுத்திக் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்று முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் சர்ஜன். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இந்தப் பக்கம் உதவும்.

ஆபரேஷன் செய்த இடத்தில் ஹெர்னியா என்றால் என்ன?

வயிற்றுச் சுவரில் தோல், அதற்குக் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசையும் வெண்மையான நார்ப்பட்டையும் இருக்கின்றன. குடலை உள்ளே தாங்கிப் பிடிப்பது அந்த நார்ப்பட்டைதான். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக வெட்டும்போது அந்தப் பட்டையைத்தான் பிளக்கிறார்கள். வேலை முடிந்ததும் அதைத் தைத்து மூடுகிறார்கள். தைத்த இடம் முழுக்கச் சேராமல் ஓர் இடத்தில் விலகிவிட்டால், அந்த இடைவெளி வழியாகக் கொழுப்போ குடலோ தோலுக்கு அடியில் வந்து பிதுங்கி நிற்கும். நின்றால், இருமினால் தெரியும். படுத்தால் உள்ளே போய்விடும். இதைத்தான் தழும்பில் வந்த ஹெர்னியா என்கிறோம். ஊரில் குடலிறக்கம் என்பார்கள்.

இது எத்தனை பேருக்கு வருகிறது?

நடுவயிற்றில் நீளமாக வெட்டிச் செய்த ஆபரேஷன்களுக்குப் பிறகு, சுமார் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு வருகிறது. உடல் பருமன், சிகரெட், புண்ணில் சீழ் என்று ஒன்றோடொன்று சேர்ந்தவர்களுக்கு இன்னும் அதிகம். அடிவயிற்றில் குறுக்கே வெட்டும் சிசேரியனில் மிகக் குறைவு. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் தலைகாட்டும். சிலருக்கு ஐந்து வருடம் கழித்தும் வந்ததுண்டு.

பத்தாம் நாள் தையல் பிரித்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஏறக்குறைய எல்லோருமே இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பிரித்தது தோலில் போட்ட தையலை. குடலைத் தாங்கும் நார்ப்பட்டையில் போட்ட தையல் உள்ளே அப்படியேதான் இருக்கிறது. இன்னும் பல வாரம் அந்த நூல்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கப் போகிறது. தோல் ஒட்டுகிற வேகத்தில் நார்ப்பட்டை ஒட்டாது. மூன்று வாரத்தில் அதன் பலம் பழையதில் ஒரு சிறு பங்குதான். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். ஒரு வருடம் ஆனாலும் முன்பிருந்த முழுப் பலம் திரும்புவதில்லை.

உரச் சாக்கைத் தைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாக்கு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், தைத்த வரிசைதான் முதலில் பிரியும்.

எனக்கு வந்துவிட்டது. குடம் தூக்கினதால்தான் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். என் தப்பா?

இந்தக் கேள்வியைக் கண்ணில் தண்ணீரோடு கேட்ட பெண்கள் நிறைய. மாமியார் சொல்லியிருப்பார், கணவர் சொல்லியிருப்பார்: "சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா இது வந்திருக்குமா?" தயவுசெய்து அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் ஒரு குடம் தூக்கியதால் நல்ல தையல் பிரிவது அபூர்வம்.

ஹெர்னியா வருமா வராதா என்பதில் பெரும்பங்கு ஆபரேஷனுக்கு முன்பும், ஆபரேஷன் டேபிளிலும் முடிவாகிவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தது, நோயாளி புகை பிடிப்பவரா, அவசர ஆபரேஷனா, உள்ளே சீழ் இருந்ததா, எந்த நூலால் எப்படித் தைத்தார்கள், அதன் பிறகு புண் பழுத்ததா என்பவையெல்லாம் குடத்தைவிடப் பெரிய விஷயங்கள். டிஸ்சார்ஜ் அன்று "வெயிட் தூக்காதீங்க" என்று ஒரே வரியில் முடித்து அனுப்புவதால், பொறுப்பு முழுவதும் நோயாளி தலையில் விழுந்துவிடுகிறது. அது சரியில்லை என்பதுதான் இந்தப் பக்கத்தை எழுதியதற்கே காரணம்.

அப்படியானால் ஆபரேஷனுக்கு முன்பே நான் என்ன செய்யலாம்?

அவசர ஆபரேஷன் என்றால் ஒன்றும் செய்ய நேரம் இருக்காது. தேதி குறித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால் நிறையச் செய்யலாம்.

முதலில் புகை. பீடியோ சிகரெட்டோ, ஆபரேஷனுக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்துங்கள். புகைப்பவர்களின் புண்ணுக்கு ஆக்ஸிஜன் சரியாகப் போகாது, புதிய நார் ஊறுவதும் குறையும், போதாக்குறைக்கு இருமல் வேறு. டென்மார்க்கில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், புகைப்பவர்களுக்குத் தழும்பு ஹெர்னியா வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல நான்கு மடங்கு இருந்தது. "ஆபரேஷன் அன்னிக்குக் காலையிலேர்ந்து தொடலை சிஸ்டர்" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒரு நாள் போதாது.

அடுத்தது சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட்டை எடுத்துப் பாருங்கள். 8-க்கு மேல் இருந்தால், தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு முதலில் அதைக் குறைக்கச் சொல்லும் சர்ஜன்கள் பலர். அலுத்துக்கொள்ளாதீர்கள், அது உங்கள் நன்மைக்கே.

எடையைக் கொஞ்சமாவது குறைக்க முடிந்தால் நல்லது. ஆனால் ஆபரேஷனுக்கு முந்திய வாரத்தில் பட்டினி கிடந்து குறைக்கக் கூடாது. ரத்தசோகை இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். நாள்பட்ட இருமல், ஆஸ்துமா, மலச்சிக்கல், சிறுநீர் முக்கிப் போக வேண்டிய புராஸ்டேட் தொல்லை இவையெல்லாம் தினமும் தையலை உள்ளிருந்து தள்ளுகிறவை. முதலிலேயே வைத்தியம் பாருங்கள்.

இன்னொன்று. முந்தின நாள் இரவு வீட்டில் பிளேடு வைத்து வயிற்றை மழித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். வேண்டாம். பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுப் போகும். கிருமிகள் அதில்தான் குடியேறும். உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: முடியை எடுக்க வேண்டாம், கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பரால் மட்டும். நன்றாகச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள், போதும்.

தையல் போடும் விதத்தில் அவ்வளவு வித்தியாசமா?

ஆமாம், நிறையவே. முன்பெல்லாம் வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஊசியைக் குத்தி, ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தைப்பதே வழக்கம். ஒவ்வொரு தையலிலும் அதிகமாகச் சேர்த்துப் பிடித்தால் கெட்டியாக இருக்கும் என்பது நம்பிக்கை. அப்படித் தைக்கும்போது நார்ப்பட்டையோடு தசையும் கொழுப்பும் சேர்ந்து சிக்கும். சிக்கிய சதை ரத்த ஓட்டம் இல்லாமல் நைந்துபோக, தையல் தளர்ந்து ஓரங்கள் விலகும்.

ஸ்வீடனில் சுந்த்ஸ்வால் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் இதை மாற்றிப் பார்த்தார்கள். ஓரத்திலிருந்து 5 முதல் 8 மில்லிமீட்டரில், நார்ப்பட்டையை மட்டும் பிடித்து, நெருக்கி நெருக்கிச் சின்னத் தையல். 2009-ல் முடிவு வெளியானது: பெரிய தையலில் 18 சதவீதம் பேருக்கு ஹெர்னியா, சின்னத் தையலில் 5.6 சதவீதம். புண்ணில் சீழ் பிடிப்பதும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அப்புறம் நெதர்லாந்தில் பத்து ஆஸ்பத்திரிகளில் 560 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2015-ல் வந்த அந்த முடிவில், ஒரு வருடம் கழித்துப் பெரிய தையலில் 21 சதவீதம், சின்னத் தையலில் 13 சதவீதம்.

நூலின் நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வெட்டு 20 சென்டிமீட்டர் என்றால், தைக்கச் செலவான நூல் குறைந்தது 80 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நாலுக்கு ஒன்று. 1976-லேயே ஜென்கின்ஸ் என்ற ஆங்கிலேய சர்ஜன் சொன்னது இது. நூல் குறைந்தால் ஒன்று தையல் இடைவெளி அதிகம், இல்லையென்றால் இறுக்கம் அதிகம். நூல் வகையிலும், பல வாரம் பிடிமானம் கொடுத்துவிட்டு மெதுவாகக் கரையும் ஒற்றை இழை நூலை, முடிச்சு முடிச்சாக இல்லாமல் தொடர்ச்சியாகப் போடுவதைத்தான் ஐரோப்பிய ஹெர்னியா சங்கத்தின் வழிகாட்டல் பரிந்துரைக்கிறது.

சின்னத் தையலுக்குச் சில நிமிடம் கூடுதலாக ஆகும். நாலு மணி நேர ஆபரேஷன் முடிந்து எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில் அந்தச் சில நிமிடத்தைப் பொறுமையாகக் கொடுக்கிற சர்ஜன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை இன்றும் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் நான் டாக்டரிடம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. "ஸார், எனக்குப் பின்னால ஹெர்னியா வர வாய்ப்பு அதிகமா? வராம இருக்க மூடும்போது என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். நடுவில் வெட்டாமல் குறுக்கே வெட்ட முடியுமா, சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் செய்ய முடியுமா என்றும் கேட்கலாம். எல்லா ஆபரேஷனுக்கும் அது ஒத்துவராது, கேட்பதில் தவறில்லை.

ஹெர்னியா வராமலேயே முன்கூட்டி வலை வைப்பார்களாமே?

தைத்த இடத்துக்குப் பலம் சேர்க்கும் செயற்கை வலை (மெஷ்) அது. வைக்கிறார்கள், எல்லோருக்கும் இல்லை. வயிற்றுப் பெரிய ரத்தக்குழாய் வீங்கி ஆபரேஷன் செய்கிறவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் போன்ற ஆபத்து அதிகமானவர்களுக்கு யோசிப்பார்கள். ஐரோப்பாவில் மூன்று நாடுகளில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், வெறும் தையல் போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்தில் ஹெர்னியா வந்தது. நார்ப்பட்டைக்கு மேலே வலை வைத்துத் தைத்தவர்களில் 13 சதவீதம்தான். வலை வைத்த இடத்தில் நீர் கோப்பது மட்டும் கொஞ்சம் கூடுதல். உள்ளே சீழோ மலக்கசிவோ இருந்தால் பெரும்பாலும் தயங்குவார்கள்.

லேப்ராஸ்கோப்பியில் இந்தப் பிரச்சினையே இல்லையா?

குறைவு, ஆனால் உண்டு. 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துளைகளை, குறிப்பாகத் தொப்புள் பக்கத்தில் போட்டதை, உள்ளேயும் தைத்து மூட வேண்டும். பித்தப்பை எடுத்து வெளியே கொண்டுவர அந்தத் துளையைப் பெரிதாக்கியிருந்தால் கவனம் இன்னும் தேவை.

இருமல் வந்தால் உயிர் போகிறது. அடக்கிக்கொள்ளலாமா?

அடக்காதீர்கள். சளி நெஞ்சில் தங்கினால் நிமோனியா ஆகும். அப்புறம் வாரக்கணக்கில் இருமல்தான். இருமத்தான் வேண்டும், தாங்கிப் பிடித்துக்கொண்டு.

ஒரு சின்னத் தலையணையோ நாலாக மடித்த துண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தழும்பின் மேல் வைத்து இரண்டு கையாலும் மெல்ல அணைத்து அமுக்குங்கள். முழங்காலை லேசாக மடக்கி, முன்னால் கொஞ்சம் சாய்ந்து, அப்புறம் இருமுங்கள். எங்கள் வார்டில் ஒரு பெரியவர், நாற்பது வருடப் பீடிக்காரர், அந்தத் தலையணையை விடவே மாட்டார். பாத்ரூமுக்கும் இடுக்கிக்கொண்டு போவார். தும்மல் சொல்லிவிட்டா வருகிறது என்பார். அவர் சொன்னது நியாயம்தான். ஒரு பலத்த இருமலில் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டும். சும்மா நிற்கும்போது 20 பக்கம்தான் இருக்கும்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்கள். அதைப் பாதிப் பேர் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயை வாயில் வைத்து, மெதுவாக நீளமாக உள்ளே இழுங்கள். பந்து மேலே ஏறி நிற்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை, பத்துத் தடவை.

பி.பி.க்கு எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அதனாலேயே வறட்டு இருமல் வரும். நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார். வீட்டில் கொசுவர்த்திப் புகை, சாம்பிராணி, விறகடுப்புப் புகை இவற்றிலிருந்தும் தள்ளி இருங்கள்.

படுக்கையிலிருந்து எப்படி எழுந்திருப்பது?

நேராக எழும்பி உட்காராதீர்கள். ஒருக்களித்துப் படுத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுங்கள்.

எப்போதிலிருந்து நடக்கலாம்? எவ்வளவு எடை தூக்கலாம்?

நடப்பது டாக்டர் சொன்ன அன்றே, பெரும்பாலும் ஆபரேஷனுக்கு மறுநாளே. நடந்தால் தையல் பிரியும் என்பது வெறும் பயம். படுத்தே கிடந்தால்தான் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், மலம் இறுகும்.

எடை விஷயத்தில் டாக்டருக்கு டாக்டர் கணக்கு மாறும். பெரிய வெட்டு என்றால் ஆறு வாரம் என்று சொல்வது பரவலான வழக்கம். இந்த ஆறு வாரத்துக்கு உறுதியான ஆய்வு ஆதாரம் குறைவுதான். ஆனாலும் நார்ப்பட்டை பலம் பிடிக்கும் காலம் அது என்பதால், நான் அதை மதித்து நடக்கச் சொல்வேன். வீட்டுக் கணக்கில் சொன்னால்: ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு கிலோ அரிசி, மடித்த துணி பரவாயில்லை. 15 லிட்டர் குடம் 15 கிலோ, தண்ணீர் கேன் 20 கிலோ, நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. இவை மூன்றும் வேண்டாம். குழந்தை ஓடி வந்தால் தூக்காதீர்கள். நீங்கள் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆட்டுக்கல், மாவாட்டுவது, குனிந்து பெருக்குவதெல்லாம் வலி சொல்வதைக் கேட்டு மெல்ல மெல்ல.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு வாரம் தண்ணீர் தூக்கக் கூடாது என்றால், வேறு யாராவது தூக்கியாக வேண்டும். அதை டிஸ்சார்ஜுக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

பெல்ட் போட்டால் ஹெர்னியா வராதா?

வயிற்று பெல்ட் வலியைக் குறைக்கும், நடக்கத் தைரியம் தரும். ஹெர்னியாவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இதமாக இருந்தால் போடுங்கள், மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்காதீர்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிடலாம். பிரசவமான பெண்ணுக்குத் துணியால் வயிற்றைக் கட்டும் பழக்கத்துக்கும் இதே பதில்.

முட்டை, மீன், புளி, கத்தரிக்காய் சாப்பிட்டால் புண் சீழ் கோக்குமாமே?

கோக்காது. இந்தப் பத்தியத்தால் ஆன கெடுதலை நேரில் பார்த்ததால் அழுத்திச் சொல்கிறேன். பெருங்குடல் ஆபரேஷன் முடிந்த ஓர் அம்மாவுக்கு மகள் தினமும் டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுவருவாள். மேல் தட்டில் குழைந்த சாதம், நடுவில் பருப்பே போடாத ரசம், கீழே சுட்ட அப்பளம். இதே சாப்பாடு பன்னிரண்டு நாள். அன்பாகத்தான் கொண்டுவந்தாள். புண்ணோ மேலே மூடாமல் வெளிறிப்போய், தினம் கசிந்துகொண்டே இருந்தது. காலை ஒரு முட்டை, மதியம் மீன், இரவு பாலும் சுண்டலும் என்று மாற்றிய பிறகு புண்ணின் அடியில் சிவந்த சதை தெரிய ஆரம்பித்தது.

புதிய நார் புரதத்தில்தான் ஊறுகிறது. ஆபரேஷன் ஆனவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை. 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 70 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்றால் ரசம் சாதம் எங்கே போதும்? பருப்பு, பயறு, தயிர், மீன், கோழி எது ஒத்துக்கொள்கிறதோ அதைச் சாப்பிடுங்கள். கொய்யா, நெல்லிக்காய் நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலம் கழிக்க முக்க வேண்டியிருக்கிறது.

டிரமடால் போன்ற வலி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். முதல் நாளே கேட்டு மலமிளக்கி வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டால் தண்ணீர், கீரை, பழம். இசப்கோல் சாப்பிட்டால் கூடவே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். குடல் ஆபரேஷன் ஆனவர்கள் சர்ஜனைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

புண்ணில் மஞ்சள் பூசலாமா?

வேண்டாம். மஞ்சள், தேங்காயெண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். சீழ் பிடித்த புண்ணில் பிற்பாடு ஹெர்னியா வரும் வாய்ப்பு பல மடங்கு. சிவப்பு, சூடு, நாற்றம், காய்ச்சல் எதைப் பார்த்தாலும் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள் எவை?

முதல் இரண்டு வாரத்தில், நன்றாக இருந்த தையலிலிருந்து திடீரென்று இளஞ்சிவப்பாக, மாமிசம் கழுவிய தண்ணீர் மாதிரி நிறையக் கசிந்தால், உள்தையல் விட்டிருக்கலாம். "ஏதோ பட்டுனு விட்ட மாதிரி இருந்துச்சு" என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சை அலட்சியம் செய்யாதீர்கள். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். நல்ல சுத்தமான துணியை சலைனிலோ ஆறவைத்த வெந்நீரிலோ நனைத்து மூடி, படுக்கவைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.

மாதங்கள் கழித்து என்றால்: வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போகாமல் கல் மாதிரி நிற்பது, விடாத வலி, வாந்தி, காற்றுப் பிரியாமை, மேல்தோல் சிவப்பதோ கருப்பதோ. குடல் மாட்டிக்கொண்டிருக்கலாம். காலைவரை பார்க்கலாம் என்று இருக்காமல் ராத்திரியே கிளம்புங்கள்.

சின்னதாக ஒரு புடைப்புத் தெரிகிறது, வலி இல்லை. விட்டுவிடலாமா?

பயப்பட வேண்டாம், ஆனால் காட்டிவிடுங்கள். தானாக மூடிக்கொள்ளாது, நாளாக நாளாகப் பெரிதாகும். சரிசெய்யும் ஆபரேஷனும் முதல் ஆபரேஷனைவிடச் சுலபம் என்று நினைக்கக் கூடாது. வெறும் தையலால் சரிசெய்தவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த டச்சு ஆய்வு ஒன்றில், 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்திருந்தது. வலை வைத்தவர்களுக்கு 32 சதவீதம். டாக்டரிடம் போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். நின்றபடி ஒருமுறை, படுத்துத் தலையை மட்டும் தூக்கியபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். படுத்த நிலையில் மட்டும் பார்த்தால் சின்ன ஹெர்னியா கைக்கு அகப்படாமல் போய்விடும்.